குறையுள்ள பூச்சி ஒன்றைத் தேடி

தூத்துக்குடித் துறைமுகத்தில் என் தகரப் பெட்டியைத் திறந்த சுங்கச் சேவகர், உள்ளே இருந்த குண்டூசிகளையும் கர்ப்பூரக் கட்டிகளையும் தக்கை ஒட்டிய பலகைகளையும் பார்த்துவிட்டு ஓரடி பின்னால் நகர்ந்தார். "என்னய்யா, செய்வினை வைக்கிற ஆளா?" என்று கேட்டார். யாழ்ப்பாணத்து மிஷன் பள்ளிக்கூட வாத்தியார் என்றும், வண்ணத்திப்பூச்சி பிடிக்க வந்திருக்கிறேன் என்றும் சொன்னேன். முன்னதை நம்பினார், பின்னதை நம்பவில்லை. பூச்சி பிடிக்க ஒருவன் கடல் தாண்டி வருவானா என்ற கேள்வி அவர் முகத்தில் நின்றது. நியாயமான கேள்விதான்.

பழைய நூற்றாண்டு முடிந்துவிட்டதா, இன்னும் ஓராண்டு பாக்கி இருக்கிறதா என்று பத்திரிகைகள் சண்டை போட்டுக்கொண்டிருந்த தை மாதம் அது. எங்கள் பள்ளிக்கூடத்தில் நடந்த சண்டை வேறு. எங்கள் பாதிரியாரும் மிஷன் ஆஸ்பத்திரி டாக்டரும் ஒரே கப்பலில் சீமையிலிருந்து வந்தவர்கள், நல்ல சிநேகிதர்கள், சனிக்கிழமை தவறாமல் தேநீர் மேசையில் மோதிக்கொள்கிறவர்கள். அதற்கு முந்திய ஆண்டு மழைக்காலத்தில் யாரோ ஒரு துரை ஸ்ரீவில்லிபுத்தூர் மலையிலிருந்து அவர்களுக்கு ஒரு பூச்சியை அனுப்பிவைத்தார். சிறகை விரித்தால் கருநீலம். மூடினால் காய்ந்த இலை. நடு நரம்பு, பக்க நரம்பு, காம்பு, புழு அரித்த துளை, ஒன்றும் பாக்கியில்லை. இயற்கைப் பாடம் நடத்துகிறவன் என்பதால் என்னையும் பார்க்கக் கூப்பிட்டார்கள்.

"இது ஒரு கையின் வேலை. சித்திரம் இருந்தால் சித்திரக்காரர் இருக்கிறார்" என்றார் பாதிரியார். டாக்டர் சிரித்துக்கொண்டார். ஆதியில் இந்தப் பூச்சிகள் ஏதோ ஒரு மங்கல் நிறத்தில் இருந்திருக்கும். அவற்றுள் கொஞ்சம் இலைச் சாயல் உள்ளவற்றைக் குருவி தவறவிட்டிருக்கும். தப்பியவை முட்டையிட்டுப் பெருகியிருக்கும். இப்படி எண்ண முடியாத தலைமுறைகள் போனால் குருவியின் கண்ணே சித்திரக்காரர் என்றார். "அரைகுறை இலைச் சாயலால் என்ன லாபம்? அரைகுறைத் திருடன்தான் முதலில் பிடிபடுவான்" என்றார் பாதிரியார். "மங்கல் வெளிச்சத்தில் அரைகுறையே போதும்" என்றார் டாக்டர்.

சண்டை தீர ஒரே வழி, நிறையப் பூச்சிகளைப் பார்ப்பது என்று முடிவாயிற்று. டாக்டர் சொன்னது சரியென்றால் நல்ல வேடமும் இருக்கும், மோசமான வேடமும் இருக்கும். பாதிரியார் சொன்னது சரியென்றால் எல்லாம் குறையில்லாமல் இருக்க வேண்டும். இலங்கை மலைகளிலும் இதன் உறவு இனம் உண்டு. ஆனால் அந்த ஒரு பூச்சி எந்த மலையிலிருந்து வந்ததோ அதே மலைப் பூச்சியைத்தான் அதனோடு ஒப்பிட வேண்டும் என்று டாக்டர் பிடிவாதம் பிடித்தார். போய் வருகிறாயா என்று என்னைக் கேட்டார்கள். ஓம் என்றேன். அவ்வளவு சீக்கிரம் ஒப்புக்கொள்வேன் என்று அவர்கள் நினைக்கவில்லை.

எனக்கு வேறு காரணம் இருந்தது. எங்கள் ஒரே மகள் நேசத்துக்கு அப்போது ஆறு வயது. பிறவியிலேயே காது கேளாது. அதற்காக என் மனைவி அன்னம்மா அழாத நாளில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பாதிரியார் அவளுக்கு ஆறுதல் சொன்னார்: "கடவுள் தவறு செய்கிறவர் அல்ல, அன்னம்மா. ஒரு பூச்சியின் சிறகில் ஒவ்வொரு கோட்டையும் அளந்து போட்டவர் உன் பிள்ளையின் காதை மறந்திருப்பாரா?" நல்ல மனதோடு சொன்னார். அவள் அதை வேறு விதமாக எடுத்துக்கொண்டாள். மறக்கவில்லை என்றால் தெரிந்தே செய்திருக்கிறார். தெரிந்தே செய்திருந்தால் அதற்கு ஒரு காரணம் இருக்கும். காரணம் தானாகத்தான் இருக்க வேண்டும். சிறுபிள்ளையாக இருந்தபோது சந்தையில் ஒரு காது கேளாத கிழவனைப் பின்னால் நின்று பழிப்புக் காட்டினாளாம். அதைக் கண்டுபிடித்துப் பிடித்துக்கொண்டாள். அன்றிலிருந்து திங்கள், புதன், வெள்ளி மூன்று நாளும் கஞ்சித் தண்ணீர்தான். ஓராண்டு ஆகிவிட்டது. அவள் தோள் எலும்பு சட்டைக்கு மேலே தெரியத் தொடங்கியிருந்தது.

ஆகவே எனக்குத் தேவைப்பட்டது மோசமான ஒரு பூச்சி. கோடு தவறிப்போன, நரம்பு கோணலான, இலைபோல் இல்லாத ஒரே ஒரு பூச்சி. அதைக் கொண்டுபோய் அன்னம்மாவின் முன்னால் வைத்து, பார், ஒவ்வொரு கோட்டையும் யாரும் அளந்து போடவில்லை, உன்னை யாரும் தண்டிக்கவில்லை என்று சொல்ல வேண்டும். டாக்டருக்காகவும் பாதிரியாருக்காகவும் நான் கடல் தாண்டவில்லை.

ரயிலை விட்டு இறங்கியதும் மாட்டு வண்டி. வண்டி மீரான் ராவுத்தருடையது. மலையிலிருந்து தேன், கடுக்காய், புளி வாங்கிக் கீழே விற்கிற வியாபாரி. ஐம்பது வயதிருக்கும். மலைச் சரக்கு தெரிந்த ஆள் என்று சொல்லி ஸ்ரீவில்லிபுத்தூர்ச் சபை உபதேசியார் அவரை எனக்கு அமர்த்தியிருந்தார். கரிசல் மண்ணில் வண்டி உருண்டுகொண்டிருந்தபோது பெருஞ்சத்தத்துடன் ஒரு பக்கம் சாய்ந்தது. சக்கரத்தின் இரும்புப் பட்டை கழன்று எங்களுக்கு முன்னால் தனியாக ஓடிப்போய் ஒரு பருத்திக் காட்டில் விழுந்தது.

"செத்த நேரம் எறங்கி நில்லுங்க வாத்தியாரய்யா. மழையில்லாம சக்கரம் காஞ்சு போச்சு. தண்ணி ஊத்தி ஊற வச்சாத்தான் பட்டா நிக்கும்" என்றார் ராவுத்தர்.

செத்த நேரம் என்றது இரண்டு மணி நேரமாயிற்று. வண்டியை முட்டுக்கொடுத்து நிறுத்தி, ஒரு கிணற்றிலிருந்து தண்ணீர் சுமந்து சுமந்து சக்கரத்தில் ஊற்றினோம். ராவுத்தர் தன் தூக்குச்சட்டியைத் திறந்து எனக்கும் பங்கு வைத்தார்: கம்மஞ்சோறு, கருவாட்டுக் குழம்பு. தேங்காய்ப்பால் இல்லாத குழம்பை நான் அதற்குமுன் தின்றதில்லை. உறைப்பு உச்சந்தலையில் ஏறியது. எங்கள் ஊரில் குழம்பு எவ்வளவு உறைத்தாலும் பால் அதைச் சமாதானப்படுத்தும். இங்கே சமாதானத்துக்கு ஆள் இல்லை. இருந்தாலும் இரண்டாம் முறை வாங்கித் தின்றேன்.

அந்தக் கிணற்றடியில் நின்றுதான் நான் முதன்முதலாக மலையைப் பார்த்தேன். மேற்கே மேகம் திரண்டிருக்கிறது என்று வெகுநேரம் நினைத்துக்கொண்டிருந்தேன். மேகம் நகரவில்லை. எங்கள் ஊரில் பனையைவிட உயரமாக எதுவும் இல்லை. முப்பத்தாறு வயதில் மலை பார்த்த ஒருவனின் வாய் எப்படித் திறந்திருந்தது என்பதை ராவுத்தர் அதன்பின் சந்தித்த ஒவ்வொருவரிடமும் சொன்னார்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் உபதேசியார் வீட்டுப் பின்னறையில் தங்கினேன். பால் மலிந்த ஊர். காலையிலேயே ஒரு கடைக்காரர் சுண்டக் காய்ச்சிய திரட்டுப்பாலை இலைத் துண்டில் வைத்துக் கொடுத்தார். அன்னம்மாவுக்குக் கொண்டுபோக முடியாதே என்று நினைத்தேன். கொண்டுபோனாலும் அது என்ன கிழமையாக இருக்குமோ என்று அடுத்தபடியாகத் தோன்றியது. மீதியைத் தின்னப் பிடிக்கவில்லை.

மத்தியானம் மடவார் வளாகத்துப் பக்கம் நடந்தேன். அங்கே வைத்தியநாத சுவாமி கோயில். பெயரிலேயே வைத்தியர். முழங்காலில் கட்டுப் போட்டவர்களும் கைக்குழந்தைக்காரிகளும் உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள். ஒரு பெண் தன் பிள்ளையின் தலையில் கைவைத்துக்கொண்டு தன் தாயிடம் சொன்னாள்: "எந்த ஜென்மத்துப் பாவமோ, நாந்தானே சொமக்கணும்." எங்கள் வீட்டுப் பேச்சு கடல் கடந்து எனக்கு முன்பே இங்கே வந்து சேர்ந்துவிட்டதுபோல் இருந்தது. நான் கிறிஸ்தவன். கோயிலுக்கு வெளியேதான் நின்றேன். நின்றபடியே நேசத்தின் பெயரை மனதுக்குள் ஒருமுறை சொல்லிக்கொண்டேன். பாதிரியாருக்கு இதைத் தெரிவிக்கவில்லை.

மறுநாள் செண்பகத்தோப்பு. மலை அடிவாரத்தில் ஓடையும் பெருமரங்களும் உள்ள இடம். இந்தப் பூச்சி பூவுக்கு வராது. அழுகிய பழத்துக்குத்தான் வரும், அதிலும் கள் தெளித்தால் நிச்சயம் வரும் என்று டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தார். மிஷன் வாத்தியாரான நானும் கள்ளைத் தொடமாட்டேன், ராவுத்தரும் தொடமாட்டார். ஒரு கலயம் கள்ளை ஒரு கம்பின் நடுவில் கட்டி, ஆளுக்கொரு முனையாகப் பிடித்துக்கொண்டு, பாம்பைத் தூக்குகிறவர்களைப்போல் ஓடைக்கரையில் போனோம். எதிரே விறகு சுமந்து வந்தவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள்.

வாழைப்பழத்தைப் பிசைந்து கள் தெளித்துப் பாறையில் வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தோம். முதல் பூச்சி எப்போது வந்தது என்று தெரியவில்லை. பாறையில் சருகு கிடக்கிறது என்று நினைத்தேன். சருகு நடந்து பழத்துக்குப் போயிற்று. வலையைப் போட்டேன். பெட்டியில் ஒன்றை இறந்தபடி பார்ப்பது வேறு, கண்ணெதிரே இருந்தும் காணாமல் போவதைப் பார்ப்பது வேறு. பாதிரியார் மட்டும் அங்கே இருந்திருந்தால் முழங்காலிட்டிருப்பார் என்று நினைத்தேன். எனக்கும் கொஞ்சம் அப்படித்தான் இருந்தது.

ராவுத்தர் அதை வெகுநேரம் பார்த்துவிட்டுக் கேட்டார். "இது யாரு கண்ணுக்கு ஒளியுது?"

"குருவிக்குத்தான்" என்றேன்.

"குருவிக்குக் கண்ணு குடுத்தது யாரு? அதுவும் படச்சவன்தானே. பூச்சிக்கு ஒளியத் தெரியும், குருவிக்குத் தேடத் தெரியும். ரெண்டு பக்கமும் அவனே நின்னா, வாத்தியாரய்யா, அவன் யாரு பக்கம்?" என்றார். பிறகு தலைத்துணியை அவிழ்த்துக் கட்டிக்கொண்டு, "நமக்கு வெளங்காது. அவன் காரியம்" என்றார். பாதிரியாரும் டாக்டரும் ஒரு வருடமாகப் பேசியதில் இந்தக் கேள்வி வரவில்லை.

இரண்டு நாளில் பதினோரு பூச்சிகள் கிடைத்தன. ஒன்றைப்போல் ஒன்று இல்லை. ஒன்று மஞ்சள் சருகு, ஒன்று கருஞ்சருகு, ஒன்று பாதி மட்கியது. ஆனால் ஒவ்வொன்றும் இலை. பன்னிரண்டாவதாக வந்ததைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். நரம்பு தெளிவாக இல்லை. சிறகின் நடுவே வெள்ளையும் சாம்பலுமாகத் திட்டுகள், பொடி சிந்தியதுபோல். எந்த இலையும் அப்படி இராது. சித்திரக்காரரின் கை தவறிவிட்டது. நான் தேடி வந்தது கிடைத்துவிட்டது. ராவுத்தரிடம் கத்தியே சொல்லிவிட்டேன்.

கொஞ்சம் தள்ளிக் கிழங்கு தோண்டிக்கொண்டிருந்த மாரி என்ற பளியர் இனத்துப் பெண் சத்தம் கேட்டு வந்தாள். ராவுத்தருக்குத் தேன் கொடுக்கிறவள். என் கையிலிருந்ததை எட்டிப் பார்த்தாள். "இது பூசணம் பூத்த எலையல்லா" என்றாள். குனிந்து, சருகுக்கு அடியிலிருந்து ஒரு இலையை எடுத்து என் உள்ளங்கையில் பூச்சிக்குப் பக்கத்தில் வைத்தாள். ஈரத்தில் கிடந்த இலை. அதே வெள்ளை, அதே சாம்பல், அதே பொடித் திட்டு. "மழைக்குப் பொறவு அடியில பூரா இப்பிடித்தான் கெடக்கும்" என்று சொல்லிவிட்டுக் கிழங்குக்குத் திரும்பிப் போனாள்.

குறையென்று நான் கொண்டாடியதும் குறையில்லாத வேடமாகவே இருந்தது. அன்று அதன்பின் நான் வலையைத் தொடவில்லை. மேலே கிளையில் ஒரு மலையணில், சாம்பல் நிறப் பட்டையோடு பட்டையாக ஒட்டி, வாலை மட்டும் தொங்கவிட்டுக் கிடந்தது. எல்லாமே ஒளியத் தெரிந்த மலை. ஓடையில் காலை நனைத்துக்கொண்டு, வெறுங்கையோடு அன்னம்மாவின் முன்னால் போய் நிற்பதை நினைத்துக்கொண்டிருந்தேன். ராவுத்தர் காரணம் கேட்டார். நேசத்தைப் பற்றிச் சொன்னேன். அவர் என் தோளில் கையை வைத்தார்.

மறுநாள் காலையில், ராஜபாளையத்தில் தேன் கொடுக்க வேண்டியிருக்கிறது, கூட வாருங்கள், மனசு மாறும் என்று அழைத்துப் போனார். தேன் போகிற வீடு வெங்கட்ட ராஜாவுடையது. அந்த ஊரில் ராஜாக்கள் என்பது ஒரு சாதி, வீட்டுக்குள் தெலுங்கு பேசுகிறவர்கள். வேட்டைக்குப் பேர் போனவர்கள். வெங்கட்ட ராஜாவின் முற்றத்தில் நாலைந்து வேட்டை நாய்கள், எல்லாம் தூய வெள்ளை, உயரமானவை, மூக்கு இளஞ்சிவப்பு. ஒளியத் தெரிந்த மலையிலிருந்து வந்த என் கண் அந்த வெள்ளையில் கூசியது. இப்படி ஒரு வெள்ளையை வைத்துக்கொண்டு காட்டில் என்ன வேட்டை என்று கேட்டேன்.

"அதுக்குத்தான் வெள்ளை, வாத்தியாரே" என்றார் ராஜா. "புதருக்குள்ள பன்னியும் நாயும் கட்டிப் புரளும். ஈட்டி வீசுறவனுக்கு எது பன்னி, எது நாய்னு தெரியணும்ல. எங்கப்பா காலத்துல முதுகு செவலையா ஒரு நாய். சித்தப்பா பன்னின்னு நெனச்சுக் குத்திட்டாரு. மூணு நாள் அவரு சாப்பிடல. அதுல இருந்து எங்க வீட்ல வெள்ளை தவிர வேற வளக்குறதில்ல."

எப்படி எல்லாம் வெள்ளையாகவே பிறக்கிறது என்று கேட்டிருக்கக் கூடாது. அன்று காலைதான் குட்டி பிரிக்கிற நாளாம். குட்டி போட்ட ஏழாம் நாள், கண் திறப்பதற்குமுன், ஒவ்வொன்றாக வெயிலில் தூக்கிப் பார்ப்பார்களாம். எட்டுக் குட்டிகள். ராஜா ஒவ்வொன்றையும் புரட்டிப் பார்த்துக் கூடையில் வைத்தார். ஒன்றுக்குக் காதில் செவலை. இன்னொன்று தவிட்டு நிறம். அந்த இரண்டும் கூடைக்குப் போகவில்லை. பக்கத்தில் ஒரு அண்டாவில் தண்ணீர் இருந்தது. ராஜாவின் மனைவி லட்சுமம்மா தெலுங்கில் ஏதோ சொல்லிவிட்டு உள்ளே போனாள். "எத்தன வருசமானாலும் இதப் பாக்க முடியலைங்கிறாங்க" என்று ராவுத்தர் என் காதில் சொன்னார். நானும் மதில் பக்கம் திரும்பிக்கொண்டேன். வேண்டாததைத் தள்ளுகிற டாக்டரின் குருவியை நான் அதுவரை தேநீர் மேசைப் பேச்சில்தான் கேட்டிருந்தேன்.

சாப்பாடு வாழையிலையில் வந்தது. கறி நிறைய மல்லியும் மிளகும். எனக்கு இறங்கவில்லை. முற்றத்தில் ஒரு பெரிய ஆண் நாய் தனியாகத் தூணடி மரப்பலகையில் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தது. முத்து என்று பெயர். வீட்டின் பெருமை அதுதான் என்றார் ராஜா. அப்போது சமையற்கட்டிலிருந்து ஒரு பித்தளைக் குடம் கல்தரையில் விழுந்து உருண்டது. நான் திடுக்கிட்டேன். மற்ற நாய்கள் துள்ளி எழுந்து குரைத்தன. முத்து தூங்கிக்கொண்டே இருந்தது.

"பாத்தீங்களா, எம்புட்டு நிதானம்" என்றார் ராஜா. "இது இந்த வம்சத்துக் குணம். கூப்பிட்டா வராது. அதுக்கா தோணுனாத்தான் வரும். சாதி நாய்க்குள்ள மிடுக்கு. அடுத்த வாரம் இதத்தான் பெட்டையோட சேத்து விடப் போறேன்."

கையில் எடுத்த சோற்றை இலையிலேயே வைத்தேன். நேசம் கைக்குழந்தையாக இருந்தபோது ஒருநாள் எங்கள் கூரையில் பனைமட்டை விழுந்தது. ஊரே கூடிவிட்டது. அவள் தொட்டிலில் அசையாமல் தூங்கினாள். என்ன நிதானமான பிள்ளை என்று எல்லாரும் மெச்சினார்கள். நானும் மெச்சினேன்.

"இதின்ர தாயும் இப்பிடித்தானோ?" என்று கேட்டேன்.

"தாயும் அப்பிடித்தான். தாயப் பெத்ததும் அப்பிடித்தான். நல்ல வெள்ளைன்னு அதுகளத் தேடித் தேடிச் சேத்தோம்" என்றார். பிறகு சிரித்தார். "ஒரே கஷ்டம், சொன்ன பேச்சு கேக்காது. எங்க ஆளு நாலு அடி போட்டாத்தான் திமிரு அடங்கும்."

எனக்கு வேண்டிய பதில் பாதி கிடைத்திருந்தது, இது வம்சத்தோடு வருவது. பேசாமல் எழுந்து வந்திருக்கலாம். அந்த வீட்டில் பொருந்தாத நாய்க்கு என்ன ஆகிறது என்பதைக் காலையில்தான் பார்த்திருந்தேன். ஆனால் அந்த நாலு அடி என்னை விடவில்லை. நேசத்துக்குக் காது கேளாதென்று அவளுக்கு மூன்று வயதாகும்வரை எங்களுக்குத் தெரியாது. கிணற்றடிக்குப் போகாதே என்று பத்துத் தரம் சொல்லியும் போகிறாளே என்று ஒருநாள் நானும் அடித்தேன். ஏன் அடி விழுகிறது என்று தெரியாமல் என்னைப் பார்த்தாள். அதை அன்னம்மாவிடம்கூட நான் சொன்னதில்லை.

"ராஜா, இதுக்குக் காது கேளாது" என்றேன்.

அவர் சிரிக்கப் பார்த்தார். நான் எழுந்து, சோறு வந்த பித்தளைத் தாம்பாளத்தை எடுத்துக்கொண்டு நாயின் பின்னால் போய்த் தட்டினேன். மற்ற நாய்கள் ஓடின. முத்து அசையவில்லை. பிறகு தாம்பாளத்தை வைத்துவிட்டு, அது படுத்திருந்த மரப்பலகையில் குதிகாலால் ஒருமுறை உதைத்தேன். உடனே எழுந்து திரும்பி என்னைப் பார்த்தது. காது கேளாத என் மகளை எழுப்ப நாங்கள் செய்வது அதுதான் என்றேன். காட்டில் அது கண்ணால் ஓடுகிறது, மற்ற நாய்கள் ஓடுகிற பக்கம் ஓடுகிறது, அதனால் உங்களுக்குத் தெரியவில்லை என்றும் சொன்னேன்.

ராஜா தாம்பாளத்தை எடுத்துத் தானே தட்டிப் பார்த்தார். மூன்று தடவை. பிறகு போய் அதன் முன்னால் உட்கார்ந்தார். நாய் அவர் முகத்தை நக்கியது. லட்சுமம்மா கதவோரத்தில் நின்று தெலுங்கில் கேட்டாள், ராவுத்தர் எனக்குச் சொன்னார்: "இத்தன நாள் அடிச்சோமேங்கிறாங்க."

"நாங்க வெள்ளையத்தான் தேடுனோம், வாத்தியாரே" என்றார் ராஜா, என்னைப் பார்க்காமல். "எங்கப்பா காலத்துல இருந்து வெள்ளையத்தான் தேடுனோம். இத யாரு கேட்டா? வெள்ளைக்குப் பின்னாலயே இதுவும் வந்து நின்னுருக்கு. எங்க யாருக்கும் தெரியலையே."

அந்த மனிதரைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது. அதே நேரத்தில் என் மார்பிலிருந்து ஏதோ ஒரு பாரம் இறங்கியது. இங்கே தேர்ந்தெடுக்க ஒரு கண் இருந்தது, எடுக்கவும் தள்ளவும் ஒரு கை இருந்தது. அப்படி இருந்தும் அந்தச் செவிட்டுத்தன்மையை யாரும் நினைக்கவில்லை, யாரும் விரும்பவில்லை, யாரையும் தண்டிக்க அது வரவில்லை. எதனோடோ ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது. பாதிரியார் சொல்வது சரியோ, டாக்டர் சொல்வது சரியோ, எனக்கு அந்த நேரத்தில் அது முக்கியமாகப் படவில்லை.

முத்துவை என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். "பாப்போம்" என்றார். வண்டி கட்டியாகிவிட்டது என்று ராவுத்தர் சொன்னார். நான் கும்பிட்டுவிட்டு ஏறிக்கொண்டேன். சேத்தூர்ப் பக்கமிருந்து வந்த வைக்கோல் வண்டிகள் தெருவை அடைத்துக்கொண்டு நின்றதால் வெகுநேரம் அந்த மதிலோரமே காத்துக் கிடந்தோம். உள்ளே சத்தம் ஒன்றும் இல்லை.

யாழ்ப்பாணம் வந்து சேர்ந்ததும் பெட்டியை மேசையில் திறந்து வைத்தேன். பன்னிரண்டும் பன்னிரண்டு விதமாக இருப்பதைக் கண்டு டாக்டர் மகிழ்ந்தார். இந்த வேறுபாடுதான் இயற்கையின் தெரிவுக்கு மூலதனம் என்றார். பூசணத்தைக்கூட விடாமல் தீட்டியிருப்பதைக் கண்டு பாதிரியாருக்குக் கண் கலங்கியது. ஒரே பெட்டியில் இரண்டு பேரும் வென்றார்கள். சனிக்கிழமைச் சண்டைக்கு ஒரு குறையும் வரவில்லை.

நான் வீட்டுக்குப் போனேன். அன்னம்மா அடுப்படியில் இருந்தாள். நேசத்துக்கு மட்டும் சோறு வடித்திருந்தாள். மலை, பூச்சி, நாய் எல்லாவற்றையும் சொன்னேன். கிணற்றடியில் நான் பிள்ளையை அடித்ததையும் சொன்னேன். வெங்கட்ட ராஜா சொன்னதை அவர் சொன்னபடியே சொல்லி முடித்தேன். இப்போது விளங்கிவிட்டதா என்று கேட்க வாயெடுத்தேன்.

"இஞ்சருங்கோ, அந்த நாயை என்ன செய்தவை?" என்றாள்.

"தெரியாது" என்றேன்.

"தெரியாதெண்டு என்னெண்டு சொல்லுறியள்? அதுக்குக் காது கேளாதெண்டு தெரிஞ்ச ஒரே ஆள் நீங்கள். சொல்லிப்போட்டு வண்டியில ஏறியிட்டியளோ? நிண்டு பாத்திட்டெல்லோ வந்திருக்கவேணும்."

அவள் குரல் உயர்ந்திருந்தது. ஓராண்டுக்குப் பிறகு அவள் தன்மேல் அல்லாமல் வேறொருவர்மேல் கோபப்பட்டாள். அவள் போய்க் கடதாசியும் மைக்கூடும் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். இப்பவே அந்த ராஜாவுக்கு எழுதுங்கோ என்றாள். அவள் சொல்லச் சொல்ல எழுதினேன். பின்னால் போய்த் தொட வேண்டாம், பயந்து கடிக்கும். கூப்பிடுவதற்கு நிலத்தில் காலால் தட்டவும். தூரத்தில் நின்றால் வெள்ளைத் துணியை அசைக்கவும். சாப்பாட்டுக்கு ஒரு சைகை, படுப்பதற்கு ஒரு சைகை; ஒரே சைகையைத் தினமும் செய்தால் பிடித்துக்கொள்ளும். மற்ற நாய்களைப்போல் அதுவும் எல்லாம் படிக்கும். கொஞ்சம் சுணங்கும், அவ்வளவுதான்.

"இன்னும் ஒண்டு" என்றாள். நேசம் அவள் மடியில் வந்து ஏறிக்கொண்டு நான் எழுதுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அதை அடிக்கவும் வேண்டாம், தண்ணியில போடவும் வேண்டாமெண்டு எழுதுங்கோ. அது ஒருத்தருக்கும் ஒரு பிழையும் செய்யேல்லை. அது இப்பிடிப் பிறந்ததுக்கு ஒருத்தரும் பிழை செய்யேல்லை."

என் கை நின்றுவிட்டது. அவளைப் பார்த்தேன். அவள் பிள்ளையின் தலைமயிரைக் கோதிக்கொண்டு கடதாசியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எழுதுங்கோவன்" என்றாள்.

எழுதினேன். அன்று வெள்ளிக்கிழமை. மத்தியானம் எங்களோடு உட்கார்ந்து அவளும் சோறு தின்றாள்.